படத்துக்குப் பின்னால் ஒரு பிரம்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து என் பள்ளிக்கூட நண்பன் போன் செய்தான். அந்த நேரத்தில் அவன் கோயிலில் இருக்கவேண்டிய ஆள். (எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் 'கோயில்' என்றுதான் சொல்வோம். போதகரை 'ஐயர்' என்போம். நீங்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

"டே, நான் கோயிலுக்குப் போகல. தெருவுல நிக்கேன். பையனை அடிச்சிட்டேன்."

குரலில் கோபம் இறங்கி, பயம் ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். மூன்று வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கும் உட்காருவதில்லை. முதல் வாரம் வயிற்றுவலி என்றான். அடுத்த வாரம் பரீட்சை என்றான். இந்த வாரம் பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. "வரலப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டான். இவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். அப்பாவைவிட நாலு விரற்கடை வளர்ந்துவிட்ட பிள்ளை, கையைத் தடுக்கவில்லை, ஓடவும் இல்லை. நின்று வாங்கிக்கொண்டானாம். அதுதான் இவனைத் தெருவுக்குத் துரத்தியிருக்கிறது.

"நீதிமொழிகள்ல பிரம்பைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா? நான் செஞ்சது தப்பாடே?"

"ஏன் வரலைன்னு கேட்டியா?"

"என்னத்தக் கேக்க? கோயிலுக்கு வரமாட்டேங்கான். இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?"

சாயங்காலம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்குப் பகல் முழுக்க அவன் கேள்வி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. நீங்கள் எந்த மதமாகவும் இருங்கள். மதமே வேண்டாம் என்பவராகக்கூட இருங்கள். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறதென்றால் இந்தக் கேள்வி உங்கள் வாசலுக்கும் ஒருநாள் வரும். நமக்கு எது உயிரோ, அதைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? நீட்டினால் வாங்கிக்கொள்ளாத பிள்ளையை என்ன செய்வது?

கிறிஸ்தவ வீட்டில் வளராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குழந்தை பிறந்து சில மாதங்களில் ஞானஸ்நானம். அது பால் குடிக்கிற குழந்தை, அதற்கு என்ன தெரியும்? அதனால் பெற்றவர்களும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நிற்பவர்களும் அதற்குப் பதிலாக வாக்குக் கொடுப்பார்கள். இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று சபைக்கு முன்னால் சொல்வார்கள். பிறகு பதின்ம வயதில் 'திடப்படுத்தல்' என்று ஒன்று. அன்றைக்குத் தத்தெடுத்த மாதிரி வாங்கிய வாக்கை, பிள்ளையே தன் வாயால் சொல்லித் தனதாக்கிக்கொள்ள வேண்டும். பேராயர் தலையில் கை வைப்பார். கத்தோலிக்கர்கள் இதை 'உறுதிபூசுதல்' என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிள்ளைப் பிராயம் முழுக்கக் கழிந்தது. ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. வசனப் போட்டி, பரிசாக எவர்சில்வர் டம்ளர். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு வசனம். யோவான் சுவிசேஷத்தில் லாசருவின் கல்லறை பக்கத்தில் இயேசு அழுததைச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. மூன்றே சொல். என் முறை வரும்போதெல்லாம் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்வேன். வருஷம் முழுக்க அவரை அழவைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்ட ஒரு வாசகம் தொங்கும். இந்த வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்துதான் என்கிற வாசகம். தென் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு விசேஷம், அப்பாவின் பிரம்பு அதற்குப் பின்னால்தான் செருகியிருக்கும். அப்பா வாத்தியார். பிரம்பை உருவும்போது படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அடித்து முடித்ததும் அப்பாவே அதை நிமிர்த்தி வைப்பார். இயேசு எங்கே இருக்கிறார் என்று ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் கேட்டால், மற்ற பிள்ளைகள் "பரலோகத்துல", "இருதயத்துல" என்று கத்துவார்கள். எனக்குப் பிரம்பு இருக்கிற இடம் ஞாபகத்துக்கு வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கேட்காமலே ஒரு குழந்தைக்கு ஒரு மதத்தைக் கொடுக்கலாமா? 'வளர்ந்த பிறகு அதுவே தேர்ந்தெடுக்கட்டுமே' என்று நம்மில் பலர் சொல்கிறோம். கிறிஸ்தவத்துக்குள்ளேயே இது பழைய சண்டை. 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் ஒரு கூட்டம், தானாக விசுவாசிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொல்லி, வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-ல் அதே ஊரின் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள்தான். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றலாமா என்ற வழக்குக்கு, பெரியவர்கள் கண்டுபிடித்த தீர்ப்பைப் பாருங்கள்!

என் கட்சி இது. வீடு என்றால் எதையாவது கொடுத்தே தீரும். தமிழ் பேசலாமா என்று குழந்தையிடம் கேட்டுவிட்டா தாலாட்டுப் பாடினோம்? மதமே சொல்லித்தராத வீடும் ஒன்றைச் சொல்லித்தருகிறது. எது பெரிசு, எதற்குப் பயப்பட வேண்டும், யாருக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயும் பாடம்தான். அதனால் கொடுப்பதில் தப்பில்லை. தாய்மொழியைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தால் நல்லது. பேசிக்கொண்டே இருப்போம், அது காதில் விழுந்துகொண்டே இருக்கும், ஒருநாள் பிள்ளை தானாகப் பேசும். தப்பாகப் பேசினால் சிரிப்போம், திருத்துவோம். 'தமிழை விட்டால் நெருப்பில் வேகப்போகிறாய்' என்று யாரும் மிரட்டுவதில்லை.

மதத்தில் அந்த மிரட்டல் இருக்கிறதே... எனக்கு எட்டு வயசிருக்கும். எதிர்வீட்டு ஆச்சி, சைவப் பிள்ளைமார். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை முதல் தட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அச்சுமுறுக்கும் அங்கே போகும். ஒரு மே மாத வகுப்பில் நரகத்தைப் பற்றிப் படம் காட்டிச் சொன்னார்கள். யார் யார் அங்கே போவார்கள் என்றும் சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவை எழுப்பிக் கேட்டேன்: "அம்மா, ஆச்சி நரகத்துக்கா போவாங்க?"

அம்மா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு சொன்னாள், "அது ஆண்டவர் பாக்க வேண்டிய சோலி. ஆச்சிக்கு மூட்டு வலிக்குன்னாவ. காலைல போயி தைலம் தேச்சுவிட்டுட்டு வா, அது ஒன் சோலி."

அம்மா எட்டாம் வகுப்பு. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதிலை இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அம்மா தன் விசுவாசத்தில் ஒரு அணா குறைத்துக்கொள்ளவில்லை. 'எல்லா மதமும் ஒண்ணுதான்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி என்னைத் தூங்கவைக்கவும் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். காலையில் தைலக் குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இப்போது பிரம்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. வீட்டு முன்னறைக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. அங்கே நீதிமொழிகள்தான் சட்டப்புத்தகம். நண்பன் அதைத்தான் காட்டினான். அவனிடம் நான் கேட்க நினைத்தது வேறொன்று. பவுல் எபேசு சபைக்கு எழுதின கடிதத்தில், பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வருகிற இடத்துக்கு மூன்றே வசனம் தள்ளி, தகப்பன்மாருக்கும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைக் கோபமூட்டாதீர்கள் என்பது அதன் சாரம். முதலாவதை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து டம்ளர் வாங்கியிருக்கிறோம். இரண்டாவதை ஒரு அப்பா நின்று ஒப்பித்து, பரிசு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

புனித அகுஸ்தினாரைத் தெரியும் இல்லையா? கி.பி. 354-ல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். திருச்சபையின் பெரிய மேதைகளில் ஒருவர். நாற்பது வயதைத் தாண்டி, ஆயராகவும் ஆன பிறகு தன் வாழ்க்கையை ஒரு அறிக்கையாகக் கடவுளிடமே சொல்வது போல எழுதினார். அதில் தன் முதல் ஜெபம் எதுவென்று சொல்கிறார். சின்னப் பையனாகக் கடவுளிடம் அவர் கேட்டது ஞானமல்ல, மோட்சமும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அடி விழக் கூடாது என்று கேட்டாராம். அடி விழுந்தது. தழும்பைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள், தன் நலத்தைத் தவிர வேறெதுவும் நினைக்காத பெற்றோரும் சிரித்தார்கள் என்று எழுதுகிறார். எத்தனை வருஷம் கழித்து! ரோம், மிலான், தத்துவம், பேச்சுக்கலை, 387-ல் ஞானஸ்நானம் என்று என்னவெல்லாமோ நடந்து முடிந்த பிறகும், அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. இதைப் படித்த அன்று, சாய்ந்து தொங்கிய எங்கள் வீட்டுப் படம்தான் என் கண்ணில் நின்றது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிரம்பு பிடித்த எல்லோரும் கொடுமைக்காரர்கள் அல்ல. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்றொரு அம்மா. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். பெற்றது 19, பாதி குழந்தையிலேயே போய்விட்டது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1732-ல் மகனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு வயதாகும்போதே பிரம்புக்குப் பயப்படவும், சத்தமில்லாமல் அழவும் பழக்கிவிடுவாராம். பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் முறிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அதே கடிதத்தில் அந்த வீட்டுச் சட்டங்கள் சிலவற்றையும் எழுதியிருக்கிறார். தப்புச் செய்த பிள்ளை தானாக வந்து ஒப்புக்கொண்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்றால் அடி கிடையாது. ஏனென்றால் அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார். ஒரே தப்புக்கு இரண்டு தரம் தண்டனை கிடையாது, பழசைக் குத்திக்காட்டுவதும் கூடாது. அது போக, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் வேலைக்குப் போன பிறகு, அந்த வியாழக்கிழமை நேரம் தனக்கு மறுபடி கிடைக்காதா என்று அம்மாவுக்கு எழுதுகிறார். பிரம்பை நினைத்து ஏங்கி அவர் எழுதிய கடிதம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுத்திருக்கும் வியாழக்கிழமை எது? எனக்கும் அந்தக் கேள்வி சுடத்தான் செய்கிறது. டியூஷனுக்கு அனுப்புவது போல ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பள்ளி எதற்குத் தொடங்கியது தெரியுமா? 1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கினார். பெற்றவர்கள் தங்கள் வேலையை இறக்கிவைக்கும் இடமாக அவர் அதை நினைத்ததில்லை. அதற்கு இருநூற்றைம்பது வருஷம் முந்தி, 1529-ல், மார்ட்டின் லூத்தர் சின்ன ஞானோபதேசம் எழுதினாரே, அது வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லித்தருவதற்காக எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் 'இது என்ன?' என்று ஒரு கேள்வி வரும். பதிலை மனப்பாடம் செய்துவிட்டோம். கேட்கிற பழக்கத்தை எங்கேயோ விட்டுவிட்டோம்.

என் அப்பாவிடம் திரும்புகிறேன். ஒருநாள் பணம் காணாமல் போனது. அண்ணன்தான் எடுத்தான் என்று அப்பா முடிவுகட்டி, படம் சாய, பிரம்பை உருவினார். சாயங்காலம் பணம் அப்பாவின் சொந்தச் சட்டைப் பையில் இருந்தது. அன்று ராத்திரி குடும்ப ஜெபம். கடைசியில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்வோம், இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எங்களுக்கு விரோதமாகத் தப்புச் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் அதில் உண்டு. அந்த இடம் வந்ததும் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். அண்ணன் மட்டும் தொடர்ந்து சொன்னான், தனியாக. மறுநாள் வெந்நீர் அடுப்பில் பாதி எரிந்த பிரம்பை நான் பார்த்தேன். அப்பா மன்னிப்பென்று வாய்விட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் காலத்து அப்பா. ஆனால் அந்த ஜெபத்துக்கு ஒரு எடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஒரு சத்தம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போன் செய்தேன்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

அப்புறம் பேச்சில்லை. தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது.

நண்பனுக்கு ஒரு அண்ணன். அடுத்த தெருவில்தான் வீடு. அப்பா இறந்த பிறகு பாகம் பிரிக்கும்போது, பொதுச்சுவர் யாருடையது என்று ஆரம்பித்து, மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேரும் ஒரே கோயில்தான். ஒருவர் இந்தப் பக்கப் பெஞ்சு, ஒருவர் அந்தப் பக்கப் பெஞ்சு. திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழங்கால் போடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பையனுக்கு இந்த வருஷம் திடப்படுத்தல். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் சொன்ன காரணம் இது. "மலைப்பிரசங்கத்துல, பலிபீடத்துக்கு முன்னால காணிக்கையோட நிக்கும்போது அண்ணன் தம்பி மனஸ்தாபம் ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டுப் போயி மொதல்ல ஒப்புரவாகணும்னு இருக்குல்லப்பா? நீங்க பெரியப்பாகிட்ட பேசாம தெனமும் எங்களுக்கு ஜெபம் பண்ணுதீங்க. நானும் அந்த வார்த்தையை என் வாயால சொல்லி வாக்குக் கொடுக்கணும். எனக்குப் பயமா இருக்கு."

நண்பன் இதைச் சொல்லிவிட்டு, "அந்த வசனம் ஆறாப்புல அவனுக்கு நான்தான்டே மனப்பாடம் பண்ண வச்சேன். பரிசு வாங்கினான்" என்றான்.

லூக்கா சுவிசேஷத்தில் பன்னிரண்டு வயசு இயேசு எருசலேமில் காணாமல் போகிற கதை இருக்கிறது. மூன்று நாள் தேடி அலைந்த தாயும் தகப்பனும் கடைசியில் ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். போதகர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறான் பையன். மரியாள் ஆதங்கப்படுகிறாள். பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். யோசேப்பு தச்சர். கையில் வலுவில்லாத ஆள் இல்லை. ஆனாலும் யாரும் கை ஓங்கினதாக அங்கே ஒரு வரி கிடையாது. புரியாததை அவள் மனசில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இதை நண்பனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவனுக்கு அன்றைக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது.

"மொதல்ல பையன்கிட்ட மன்னிப்புக் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

"பெத்த பிள்ளைகிட்டயா?"

"ஆமா."

வைத்துவிட்டான்.

போன வாரம் மறுபடி பேசினான். பையனிடம் கேட்டுவிட்டானாம். எப்படிக் கேட்டான் என்று சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். கேட்டைத் திறக்கக் கை வரவில்லை, ரெண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறான். அண்ணன் வீட்டில் இல்லை. மதினி கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்று சொல்லி காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். சுவரைப் பற்றி ரெண்டு பேருமே பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையன் கேட்டானாம், "பெரியப்பா இருந்தாங்களா?"

"இல்ல. பெரியம்மா காப்பி கொடுத்தா."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

பையன் வேறு எதுவும் கேட்கவில்லை என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்கு வந்தானா என்று நானும் கேட்கவில்லை.